காதுக்கு எட்டாத பதினெட்டரை சதவீதம்: பாபி ஆர் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

1976ஆம் ஆண்டு. பாஸ்டன் புரூயின்ஸ் ஐஸ் ஹாக்கி கிளப் தன் ஆட்டக்காரர் ஒருவரைத் தக்கவைக்க ஓர் ஒப்பந்தத்தை முன்வைத்தது. ஐந்து ஆண்டுகள், ஆண்டுக்கு 2,95,000 டாலர். அதற்கு மேல் 1980இல் 9,25,000 டாலர் ரொக்கம். ரொக்கம் வேண்டாம் என்றால் கிளப்பிலேயே 18.5 சதவீதப் பங்கு. இன்னும் களத்தில் ஆடிக்கொண்டிருக்கிற ஒருவரைப் பார்த்து, கிளப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாகத்தை எடுத்துக்கொள் என்று சொல்வது அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத விஷயம்.

அந்த ஆட்டக்காரர் பாபி ஆர். அப்போது வயது 28. அதே கோடையில் அவர் பாஸ்டனை விட்டு சிகாகோ பிளாக் ஹாக்ஸ் அணிக்குப் போய்விட்டார். பங்கு விஷயம் தன் காதுக்கு வரவேயில்லை, பல காலம் கழித்துத்தான் தெரிந்தது என்கிறார் அவர். அவர் சார்பில் பேச்சு நடத்திய ஏஜென்ட் ஆலன் ஈகிள்சன் இதை மறுக்கிறார். தான் சொன்னதாகவே சாதிக்கிறார்.

இந்தக் கதையை வழக்கமாக ஒரு நல்லவன், ஒரு கெட்டவன் என்று பிரித்துச் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஒருவருடைய மீதி வாழ்க்கையையே மாற்றக்கூடிய ஒரு செய்தி, கொடுத்தவரிடமிருந்து பெற வேண்டியவரிடம் போய்ச் சேர ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு நிலைமை எப்படி உருவானது என்பதுதான் இங்கே நான் பார்க்க விரும்புவது. அதற்கு முதலில் பதினான்கு வயசுப் பையனிடமிருந்து தொடங்க வேண்டும்.

பையனும் படிவமும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹ்யூரன் ஏரியின் ஜார்ஜியன் விரிகுடாக் கரையில் பாரி சவுண்ட் என்று ஒரு சிற்றூர். 1948 மார்ச் 20 அன்று பாபி அங்கே பிறந்தார். அப்பா டக் ஆர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குளிர்காலத்தில் உறைந்த நீர்தான் விளையாட்டு மைதானம். ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் 'பக்' என்ற ரப்பர் வட்டு; கூட்டமாகப் பிள்ளைகள் ஆடும்போது அந்தப் பக்கை விடாமல் வைத்திருப்பவன்தான் ராஜா. பின்னாளில் எதிரணியில் ஐந்து பேரும் துரத்த, இவர் மட்டும் பக்கை மட்டையில் ஒட்டவைத்தது போல வட்டமடித்துக்கொண்டிருப்பாரே, அந்தப் பழக்கம் அங்கே வந்ததுதான்.

புரூயின்ஸ் அப்போது பட்டியலின் அடியில் கிடந்த அணி. 1960 முதல் 1967 வரை எட்டுப் பருவங்கள் பிளே-ஆஃப் என்ற பருவக் கடைசிக் கோப்பைச் சுற்றின் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அதன் ஆட்கள் கனனோக்வே என்ற ஊரில் நடந்த சிறுவர் போட்டி ஒன்றுக்கு வேறு பையன்களைப் பார்க்கப் போனார்கள். போன இடத்தில் உருவத்தில் எல்லோரையும்விடச் சின்னவனாக இருந்த தற்காப்பு ஆட்டக்காரன் ஒருவனைத்தான் பார்த்தார்கள். அன்றிலிருந்து ரென் பிளேர் என்ற புரூயின்ஸ் அதிகாரி பாரி சவுண்டுக்கு நடையாய் நடந்தார்.

1962இல், பதினான்கு வயதில், பாபி 'சி படிவம்' என்ற தாளில் கையெழுத்திட்டார். அந்தக் காலத்து என்எச்எல்லை, அதாவது வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகை, புரிந்துகொள்ள இந்தத் தாளைப் புரிந்துகொண்டால் போதும். மொத்தமே ஆறு கிளப்கள். சி படிவத்தில் கையெழுத்திட்ட பையனின் தொழில்முறை ஆட்ட உரிமை முழுக்க அந்த ஒரு கிளப்புக்கு. வேறு எங்கும் போய் விலை கேட்க முடியாது. கிளப்பாகப் பார்த்து விற்கலாம், மாற்றலாம், கைவிடலாம். பதிலுக்கு ஆர் குடும்பத்துக்குக் கிடைத்தது கொஞ்சம் ரொக்கம், வீட்டுச் சுவருக்குப் புதுப் பூச்சு, அப்பாவுக்கு ஒரு கார். அந்த வீட்டில் அது சின்ன விஷயமாகத் தெரிந்திருக்காது.

அப்புறம் ஓஷாவா ஜெனரல்ஸ் என்ற ஜூனியர் அணி. எதிரே நின்றவர்கள் பத்தொன்பது, இருபது வயது இளைஞர்கள். பதினான்கு வயசுப் பிள்ளையை வெளியூரில் தங்கவைக்க அம்மாவுக்கு மனமில்லை. அதனால் முதல் பருவம் முழுக்க வார இறுதியில் காரில் போய் ஆடிவிட்டுத் திரும்புவார். அணியோடு பயிற்சியே கிடையாது. பயிற்சி இல்லாமலே அவர் அங்கே எடுபட்டார்.

வக்கீல் வருகிறார்

ஆட்டக்காரர்கள் கிளப்போடு நேருக்கு நேர் உட்கார்ந்து சம்பளம் பேசிய காலம் அது. ஒரு பக்கம் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இருபது வயதுப் பையன், மறுபக்கம் இருபது வருஷமாக இதையே செய்கிற மேலாளர். வக்கீலைக் கூட்டிவந்தால் அவமானப்படுத்தி அனுப்புவார்கள்.

ஆலன் ஈகிள்சன் டொராண்டோ வக்கீல். ஒன்டாரியோ சட்டமன்றத்தில் 1963 முதல் 1967 வரை உறுப்பினர். வாய்ச்சாலகம், துணிச்சல், எங்கேயும் நுழைந்துவிடும் சாமர்த்தியம் எல்லாம் உண்டு. டக் ஆருக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. மகனின் விஷயத்தை ஒப்படைத்தார். 1966இல் புரூயின்ஸ் மேலாளர் ஹேப் எம்ஸோடு ஈகிள்சன் மல்லுக்கட்டி, அதுவரை எந்தப் புதுமுகத்துக்கும் கிடைக்காத தொகையை வாங்கிக் கொடுத்தார். எம்ஸின் சொந்தப் படகில்தான் கையெழுத்து ஆனது. பதினெட்டு வயதுப் பையனுக்காகக் கிளப் இறங்கிவந்த செய்தி எல்லா அணிகளின் உடை மாற்றும் அறைகளுக்கும் பரவியது.

ஈகிள்சன் செய்த நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். அதே பருவத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் இண்டியன்ஸ் என்ற கீழ்மட்டத் தொழில்முறை அணியின் ஆட்டக்காரர்கள் முதலாளி எடி ஷோரின் கொடுமை தாங்காமல் ஆட மறுத்தார்கள். அவர்களுக்காக நின்று ஜெயித்துக் கொடுத்தவர் இவர்தான். 1967இல் என்எச்எல் ஆட்டக்காரர் சங்கம் உருவானபோது அதன் நிர்வாக இயக்குநராக இவரைத் தவிர வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை. முன்பு 1957இல் ஒருமுறை சங்கம் அமைக்கப் பார்த்து முதலாளிகள் அதை நசுக்கியிருந்தார்கள். இந்தத் தடவை நசுக்க முடியவில்லை.

ஆனால் அந்தக் கணமே முடிச்சும் விழுந்துவிட்டது. சங்கத்தின் தலைவரே தனித்தனி ஆட்டக்காரர்களுக்கு ஏஜென்டும். பிறகு கனடாவின் சர்வதேசப் போட்டிகளை ஏற்பாடு செய்பவரும் அவரே. அதற்கும் பிறகு, முதலாளிகள் குழுவின் தலைவராக நீண்ட காலம் இருந்த பில் வர்ட்ஸின் நெருங்கிய நண்பரும் அவரே. வர்ட்ஸ் யார் என்று கேட்டால், சிகாகோ பிளாக் ஹாக்ஸின் முதலாளி.

களத்தில்

எண்களை அடுக்கினால் அலுக்கும் என்று தெரியும். ஆனால் பாபியின் எண்கள் கொஞ்சம் வேறு மாதிரி.

அவருக்கு முன்பு தற்காப்பு ஆட்டக்காரரின் வேலை தன் கோல் முன்னால் நிற்பது, பக் வந்தால் தட்டிவிடுவது, முன்கள ஆட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு ஓய்வது. பாபி தன் கோலுக்குப் பின்னாலிருந்து பக்கை எடுத்துக்கொண்டு எதிரணி கோல் வரைக்கும் தானே போனார். போனது பெரிய விஷயமில்லை. முயற்சி வீணானாலும் எதிரணி திரும்பி வருவதற்குள் தன் இடத்துக்கு வந்து நின்றார். மற்றவர்கள் ஒரே வேகத்தில் ஸ்கேட் செய்தால் இவர் மூன்று நான்கு வேகங்களை மாற்றி மாற்றிப் போடுவார். மட்டையில் ஒரே ஒரு சுற்று டேப். ஸ்கேட்டுக்குள் காலுறை கிடையாது; கால் தரையை உணர வேண்டுமாம்.

1966-67இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை. 1968 முதல் 1975 வரை தொடர்ந்து எட்டு முறை சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பை. 1970, 71, 72இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 1970இலும் 1975இலும் லீகில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கான ஆர்ட் ராஸ் கோப்பை. தற்காப்பில் ஆடி அந்தக் கோப்பையை வாங்கியவர் அவருக்கு முன்பும் இல்லை, இன்றுவரை பின்பும் இல்லை. 1970-71இல் 37 கோல், 102 அசிஸ்ட் (அணியின் கோலுக்குப் பக்கைக் கொடுத்து உதவியது), மொத்தம் 139 புள்ளி. ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் ஒரே பருவத்தில் எடுத்தவற்றில் இன்னும் அதுதான் உச்சம்.

அந்தப் பருவத்தில் இன்னொரு எண்ணும் உண்டு: கூட்டல் 124. ஓர் ஆட்டக்காரர் களத்தில் இருக்கும்போது தன் அணி கோல் போட்டால் ஒன்று கூட்டுவார்கள், எதிரணி போட்டால் ஒன்று கழிப்பார்கள். ஆள் கூடுதலாக இருக்கும் நேரத்தில் போட்ட கோல்கள் சேராது. ஒரு பருவத்தில் கூட்டல் 30, 40 வந்தாலே நல்ல ஆட்டக்காரர். 124ஐ இன்றுவரை யாரும் தொடவில்லை. என்னைக் கேட்டால் கோப்பைகளையெல்லாம்விட இந்த ஒரு எண்தான் அவரைச் சரியாகச் சொல்கிறது.

1970 மே 10. லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதியில் செயின்ட் லூயிஸ் புளூஸுக்கு எதிராக நான்காவது ஆட்டம், 3-3 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. நாற்பதாவது நொடியில் டெரெக் சாண்டர்சன் தட்டிக் கொடுத்ததைப் பாபி கோல்கீப்பர் கிளென் ஹாலைத் தாண்டி உள்ளே தள்ளினார். அதே நேரத்தில் நோயல் பிகார்ட் அவர் காலைத் தட்டிவிட, கைகளை விரித்தபடி அந்தரத்தில் பறந்தார். ரே லூசியே என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், வேறொருவர் எழுந்துபோன இருக்கையில் உட்கார்ந்து அதைப் படமெடுத்தார். பாஸ்டனுக்கு 29 ஆண்டுகளில் முதல் கோப்பை. நான்காவது ஆட்டம், நான்காவது பகுதி (வழக்கமான மூன்று பகுதிக்குப் பின் வந்த கூடுதல் நேரம்), அணியின் நான்காவது கோல், போட்டவர் சட்டையில் 4, காலைத் தட்டியவர் சட்டையிலும் 4. ஜாதகக்காரர்கள் யாராவது எழுதியிருந்தால்கூட இவ்வளவு துணிந்திருக்க மாட்டார்கள்.

1971இல் ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 2,00,000 டாலர். லீகின் முதல் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம். அதைப் பேசி முடித்தவரும் ஈகிள்சன். பாபிக்கு அவர் ஏஜென்ட் என்ற நிலையெல்லாம் தாண்டிப் போயிருந்தது. உடன்பிறந்த அண்ணன் மாதிரி நினைத்தார். வரவு, செலவு, முதலீடு, வரி எதையும் இவர் பார்ப்பதில்லை. கையெழுத்துப் போடு என்றால் போடுவார்.

முழங்கால்

அவர் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பருவ வாரியாக எழுதிப் பார்க்கிறேன்: 61, 46, 67, 76, 78, 76, 63, 74, 80, 10, 20, 0, 6. மொத்தம் 657. மருத்துவ அறிக்கை எதுவும் தேவையில்லை, இந்த வரிசையே சொல்லிவிடும். 80க்கு அடுத்து 10. அப்போது அவருக்கு வயது 27.

தொந்தரவு முதல் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. தானே பக்கை எடுத்துக்கொண்டு முழு வேகத்தில் எதிரணிக்குள் நுழையும் ஆட்டம் என்பதால் இடிகளும் முழு வேகத்தில் வந்தன. ஸ்கேட்டின் கத்தி பனியில் பதிந்திருக்கும்போது பக்கவாட்டில் ஒருவர் மோதினால் பாதம் நகராது, உடம்பு திரும்பும், நடுவில் இருக்கிற முழங்கால்தான் முறுக்கை வாங்கிக்கொள்ளும். வலது முழங்காலும் அடிபட்டது, ஆனால் ஆளைச் சாய்த்தது இடது முழங்கால். ஓய்வு பெறும் வேளையில் அறுவைகள் ஒரு டஜனைத் தாண்டியிருந்தன.

அன்றைய மருத்துவத்தையும் இங்கே பார்க்க வேண்டும். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் இரண்டு குருத்தெலும்புகள் உண்டு. அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தை அவைதான். கிழிந்தால், மூட்டைத் திறந்து கிழிந்ததை வெட்டி எடுத்துவிடுவதே அன்றைய வழக்கம். வலி குறையும், ஆட்டக்காரர் சில மாதத்தில் களத்துக்குத் திரும்புவார். ஆனால் மெத்தை போய்விட்டது. இனி எலும்பு எலும்போடு உரசும். சிறு துளை வழியாகக் கருவியை விட்டு, முடிந்தவரை தைத்துக் காப்பாற்றும் முறை பரவலாவதற்குள் இவர் ஆட்டமே முடிந்துவிட்டது. இருபது ஆண்டு பிந்திப் பிறந்திருந்தால் இன்னும் எத்தனை பருவம் ஆடியிருப்பார் என்ற கேள்வி ஹாக்கி ரசிகர்கள் கூடும் இடத்தில் இன்னமும் வரும். பதில் கிடையாது.

1972இல் சோவியத் யூனியனோடு நடந்த புகழ்பெற்ற எட்டு ஆட்டத் தொடரில் அவர் இல்லை. அணியோடு கூடவே போனார், ஆட முடியவில்லை. 1974-75இல் 80 ஆட்டமும் ஆடி 46 கோல், 135 புள்ளி எடுத்தார். 1975 செப்டம்பரில் மறுபடி கத்தி. திரும்பி வந்து பத்து ஆட்டத்தில் 18 புள்ளி. மறுபடி கத்தி. அதோடு பாஸ்டனில் அவருடைய 1971 ஒப்பந்தம் முடியும் தருவாய்க்கு வந்தது.

1976 கோடை

புரூயின்ஸ் கை அப்போது மாறியிருந்தது. 1975இல் ஜெரமி ஜேகப்ஸ் கிளப்பை வாங்கியிருந்தார். புதிய முதலாளிகள் முன்னால் இரண்டு உண்மைகள். இந்த ஆள்தான் கிளப்பின் முகம். இந்த ஆளின் முழங்கால் எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. மொத்தச் சம்பளத்துக்கும் உத்தரவாதம் கொடுக்கப் பயம், விடவும் மனசில்லை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் பங்கு. ஆடினாலும் ஆடாவிட்டாலும் இவர் பெயர் கிளப்போடு இருக்கும். இவருக்கும் முழங்காலை நம்பாத ஒரு சொத்து இருக்கும். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இரு தரப்புக்கும் மிகவும் பொருத்தமான யோசனை.

பாபிக்குக் கிடைத்த செய்தி வேறு. புரூயின்ஸ் உன்னை விரும்பவில்லை, மருத்துவச் சோதனை அது இது என்று இழுக்கிறார்கள், சிகாகோ உத்தரவாதத்தோடு தருகிறது. அவர் நினைவில் நிற்பது இவ்வளவுதான். சிகாகோ ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் என்று அறிவிக்கப்பட்டது. பத்தாண்டு ஆடிய ஊர் தன்னைத் தூக்கிப்போட்டது என்ற காயத்தோடு அவர் போனார். ஊரோ, இவர் காசுக்காகப் போய்விட்டார் என்று நினைத்தது. நடுவில் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு நேரடியாக நடந்திருந்தால் இந்த இரண்டு எண்ணமும் கலைந்திருக்கும். நடக்கவில்லை. பேசுவதெல்லாம் ஆலனோடு பேசுங்கள் என்பது அவருடைய பத்தாண்டுப் பழக்கம்.

வேறு அணியில் ஆடத் தொடங்குவதற்கு முன் ஒரு கடைசி வெளிச்சம். 1976 செப்டம்பரில் முதல் கனடா கோப்பை. ஏழு ஆட்டம், 9 புள்ளி, தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னும் பின்னும் முழங்காலோடு போராடியபடி ஆடினார். இந்தப் போட்டியை ஏற்பாடு செய்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏஜென்டாகப் பார்த்தால், புது ஒப்பந்தம் கையெழுத்தான, மூட்டு தேய்ந்த ஒருவரை ஆடவே விடக்கூடாது. அமைப்பாளராகப் பார்த்தால், அவர் இல்லாமல் டிக்கெட் விற்காது. பாபியும் நாட்டுக்காக ஆட ஏங்கிக்கொண்டுதான் இருந்தார், அதை மறுக்க முடியாது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஆமாம் என்று சொல்வதில் லாபம் இருந்தது.

சிகாகோவில் முதல் பருவம் 20 ஆட்டம், 23 புள்ளி. அடுத்த பருவம் முழுக்க ஓய்வு. மூன்றாவது பருவம் ஆறு ஆட்டம். ஆடாத காலத்துக்கு வந்த சம்பளக் காசோலைகளை அவர் வங்கியில் போடவில்லை. ஆடத்தான் காசு, ஆடாவிட்டால் எதற்கு என்பது அவர் கணக்கு. 1978 நவம்பர் 8 அன்று ஓய்வை அறிவித்தார். வயது முப்பது.

1979 ஜனவரி 9 அன்று பாஸ்டன் கார்டன் அரங்கில் அவருடைய 4ஆம் எண் சட்டையை உயரே ஏற்றினார்கள். கூட்டம் கைதட்டலை நிறுத்தவேயில்லை. அதே ஆண்டு ஹாக்கி புகழ்மண்டபம் காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்து, 31 வயதில் அவரைச் சேர்த்துக்கொண்டது.

கணக்குப் புத்தகம்

சரி, கோடீஸ்வரராக இருக்க வேண்டியவரிடம் அப்போது எவ்வளவு இருந்தது? கணக்கர்கள் எழுதிப் பார்த்தார்கள். சொத்து சுமார் 4,56,000 டாலர். கொடுக்க வேண்டிய வரியும் கடனும் சுமார் 4,69,000 டாலர். பதின்மூன்று ஆண்டுத் தொழிலின் மிச்சம், பூஜ்யத்துக்கும் கீழே.

1980இல் ஈகிள்சனோடு உறவை முறித்துக்கொண்டார். பங்கு விவகாரம் அவருக்குத் தெரியவந்ததும் அந்த வாக்கில்தான். பிறகு விளம்பரம், நிறுவன நிகழ்ச்சி, கைகுலுக்கல் என்று ஒவ்வொரு டாலராகச் சேர்த்துத் தலையெடுத்தார். அதைப் பற்றி வெளியே பேசவில்லை. இதுதான் எனக்கு இந்த வழக்கில் மிகவும் உறுத்துகிற இடம். லீகின் மிகப் பெரிய பெயர் வாய் திறந்திருந்தால் எண்பதுகளிலேயே மற்ற ஆட்டக்காரர்கள் உஷாராகியிருப்பார்கள். ஏமாந்தவன் என்ற பெயர் வெளியே தெரிவதில் இருந்த கூச்சம் எல்லோர் வாயையும் அடைத்துவைத்தது. அவரைக் குறை சொல்லவில்லை. ஏமாந்தவருக்கு அந்தக் கூச்சம் இயல்பு. ஏமாற்றுகிறவருக்கு அதுதான் மூலதனம்.

ஈகிள்சன் அப்புறமும் பத்தாண்டுக்கு மேல் சங்கத்தின் தலைமையில் இருந்தார். கனடாவின் உயர்ந்த குடிமக்கள் கௌரவமும் கிடைத்தது, 1989இல் புகழ்மண்டபத்தில் இடமும் கிடைத்தது.

நூல் பிரிந்தது

முதலில் முரண்டு பிடித்தவர்கள் பழைய ஆட்டக்காரர்கள். டொராண்டோவுக்குத் தற்காப்பில் ஆடிய கார்ல் புரூவர், தனக்கு ஏன் ஓய்வூதியம் இவ்வளவு குறைவு என்று கேட்கத் தொடங்கி, பதில் கிடைக்காமல் விடாப்பிடியாகத் தோண்டினார். அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் சங்கத்தை நடத்திய எட் கார்வி 1989இல் ஓர் அறிக்கை தயாரித்தார்: ஒரே ஆள் இத்தனை தொப்பி போட்டுக்கொண்டிருப்பது எப்படி என்று அது கேட்டது. ஓய்வூதிய நிதியின் உபரியை முதலாளிகள் தாங்கள் செலுத்த வேண்டிய தொகைக்கு ஈடாகப் பயன்படுத்தியது தவறு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, கோர்டி ஹோ, பாபி ஹல் போன்ற பழைய ஆட்டக்காரர்கள் சுமார் 4 கோடி டாலரைத் திரும்பப் பெற்றார்கள்.

அடுத்து ரஸ் கான்வே. பாஸ்டனுக்கு வடக்கே லாரன்ஸ் என்ற ஊரின் சிறிய நாளிதழான ஈகிள்-டிரிபியூனில் விளையாட்டு ஆசிரியர். பெரிய பத்திரிகைகளின் ஹாக்கி நிருபர்கள் ஈகிள்சனின் சிரிப்புக்கும் செய்திக்கும் பழகிப்போயிருந்தபோது, இவர் ஆட்டக்காரர்களின் காப்பீட்டுத் தாள்களையும் சங்கத்தின் வரவு செலவையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1991இலிருந்து தொடர் வெளிவந்தது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்று வரை போனது.

மைக் கில்லிஸ் கதை அதில் ஒன்று. புரூயின்ஸில் ஆடியவர், காலில் அடிபட்டு ஆட்டத்தையே விட வேண்டியதாயிற்று. ஊனக் காப்பீட்டில் 2,75,000 டாலர் வர வேண்டும். அந்தப் பணத்தை வாங்கித் தருவதில் பெரிய சிக்கல் இருப்பதாகச் சொல்லி, ஈகிள்சன் அதில் 15 சதவீதம், அதாவது 41,250 டாலர் எடுத்துக்கொண்டார். கில்லிஸ் பிறகு தானே வக்கீலுக்குப் படித்து, ஒன்டாரியோ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தார்.

1994 மார்ச்சில் பாஸ்டன் கூட்டாட்சி நடுவர் குழு ஈகிள்சன்மேல் குற்றச்சாட்டுகளைப் பதிவுசெய்தது. 1998 ஜனவரி 6 அன்று பாஸ்டனில் மூன்று அஞ்சல் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டார். பத்து லட்சம் கனடா டாலர் அபராதம். மறுநாள் டொராண்டோவில் மேலும் மூன்று மோசடிக் குற்றங்கள்; 18 மாதச் சிறை. ஆறு மாதம் உள்ளே இருந்தார். கனடா கோப்பைப் போட்டிகளில் களத்தின் சுற்றுப் பலகைகளில் வந்த விளம்பரப் பணத்தை வழியிலேயே உருவியது அதில் முக்கியமானது. வக்கீல் உரிமம் போனது, நாட்டின் கௌரவம் பறிக்கப்பட்டது. புகழ்மண்டபத்தில் அவர் இருந்தால் நாங்கள் வெளியேறுகிறோம் என்று பாபி உட்பட 18 பேர் சொன்னதும், 1998 மார்ச்சில் அவரே ராஜினாமா செய்தார்.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அந்த ஒப்புதல்கள் எதிலும் 18.5 சதவீத விஷயம் இல்லை. அது எந்த நீதிமன்றத்திலும் தீர்ப்பான விவகாரம் அல்ல. பாஸ்டன் தரப்பு அப்படிக் கொடுக்க முன்வந்தது என்பதில் சண்டையில்லை; சொல்லப்பட்டதா இல்லையா என்பதில்தான் இரண்டு பேர் வார்த்தை. என் மதிப்பீடு பாபியின் பக்கம்தான் சாய்கிறது. முழங்கால் தேய்ந்துபோனது தெரிந்த ஒருவர், ஆடாத காலத்துச் சம்பளத்தையே வேண்டாம் என்ற ஒருவர், தன் ஊர் கிளப்பில் பங்கை அறிந்தே உதறிவிட்டு, ஒரு உத்தரவாதச் சம்பளத்துக்காக வேறு ஊர் போயிருப்பார் என்பது அந்த மனிதரோடு ஒட்டவில்லை. அப்படியே போயிருந்தாலும் இத்தனை ஆண்டில் ஒருமுறையாவது அதை யோசித்ததாகச் சொல்லியிருப்பார்.

எங்கே ஓட்டை

ஈகிள்சன் யோக்கியராகவே இருந்தார் என்று ஒரு நிமிடம் வைத்துக்கொள்வோம். அப்போதும் அமைப்பு ஓட்டைதான். பாஸ்டன் கொடுப்பதை ஏஜென்டிடம் மட்டும் எழுதிக் கொடுக்கிறது. நகல் ஆட்டக்காரருக்குப் போக வேண்டும் என்று விதி இல்லை. ஏஜென்ட் சரியாக நடந்தாரா என்று ஆட்டக்காரர் சங்கத்தில் போய் முறையிடலாம். சங்கத்தின் தலைவர் அதே ஏஜென்ட். லீகிடம் போகலாம். அங்கே முதலாளிகள் குழுவின் தலைவரே ஆட்டக்காரரை வாங்கிய கிளப்பின் முதலாளி. ஏஜென்டின் நண்பரும்கூட. கணக்குகளை வேறொரு தணிக்கையாளர் பார்த்திருக்கலாம். கணக்கும் ஏஜென்டின் அலுவலகத்திலேயே. ஒரு வீட்டுக்கு நான்கு வாசல் இருந்தும் நான்கின் சாவியும் ஒருவர் இடுப்பில்.

சி படிவத்தையும் இங்கே மறுபடி நினைக்கிறேன். பதினான்கு வயதில் கையெழுத்துப் போட்டு, எதையும் தானாகத் தீர்மானிக்க வேண்டாத ஒரு முறையில் வளர்ந்தவர் பாபி. எங்கே ஆடுவது, என்ன சம்பளம், எப்போது அறுவை என்று எல்லாவற்றையும் பெரியவர்கள் தீர்த்துவைத்தார்கள். கிளப்பின் பிடியிலிருந்து அவரை வெளியே இழுத்த வக்கீல், தீர்மானிக்கும் வேலையை அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை, தன்னிடம் வைத்துக்கொண்டார். கிளப்பின் இடத்தில் ஏஜென்ட் வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பங்கு என்பது ஓர் ஆட்டக்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைப் பின்னாளில் மாரியோ லெம்யூ காட்டினார். பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் திவாலானபோது கிளப் அவருக்கு 3 கோடி டாலருக்கு மேல் சம்பள பாக்கி வைத்திருந்தது. 1999இல் அந்தப் பாக்கியில் பெரும் பகுதியைப் பங்காக மாற்றி முதலாளியானார். 2000 டிசம்பரில் முதலாளியாக இருந்துகொண்டே களத்தில் இறங்கியும் ஆடினார். 1976இல் பாஸ்டன் முன்வைத்தது அதன் இருபது ஆண்டு முந்தைய வடிவம். இன்று புரூயின்ஸின் மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டும். 18.5 சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் போடுவது எளிது, அதைப் பாபியிடம் எத்தனை பேர் போட்டுக் காட்டியிருப்பார்களோ.

இரண்டு முழங்கால்களையும் பிறகு செயற்கை மூட்டாக மாற்றிக்கொண்டார். 2010 மே 10 அன்று, அந்தக் கோலுக்கு நாற்பது ஆண்டு நிறைந்த நாளில், பாஸ்டன் அரங்கத்துக்கு வெளியே அவர் அந்தரத்தில் பறக்கும் வெண்கலச் சிலையைத் திறந்தார்கள்.

தொண்ணூறுகளில் அவர் எடுத்துக்கொண்ட புதுத் தொழில் ஏஜென்ட். ஆர் ஹாக்கி குரூப் என்ற பெயரில் எரிக் ஸ்டால், ஜேசன் ஸ்பெஸா, பிறகு கானர் மெக்டேவிட் வரை பலருடைய ஒப்பந்தங்கள் அந்த அலுவலகம் வழியாகப் போயின. மெக்டேவிட்டும் ஒன்டாரியோவிலிருந்து சிறுவயதிலேயே பேசப்பட்ட பையன்தான். ஆனால் அவர் கையில் யாரும் சி படிவம் நீட்டவில்லை. அந்தத் தாள் அதற்கு வெகுநாள் முன்பே ஒழிந்திருந்தது. அவருடைய ஏஜென்டுக்குச் சான்றிதழ் கொடுப்பதும் பறிப்பதும் ஆட்டக்காரர் சங்கத்தின் பொறுப்பு. சங்கத்தை நடத்துபவர் வேறொருவர். 2018இல் பாபி அந்த நிறுவனத்தை வாஸ்மன் என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றார்.